அண்டார்டிக்காவில் ஒரு மாவிலை

என்ன வேலை செய்கிறாய் என்று பாரிஸில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் யாராவது கேட்டால், கல்லுத் துடைக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். வீடு துடைக்கிற, ஹோட்டல் துடைக்கிற, அலுவலகம் துடைக்கிற சனத்துக்கு நடுவில் கல்லுத் துடைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. உண்மையும் அதுதான். அருங்காட்சியகம் ஒன்றின் களஞ்சியத்தில் எனக்கு வேலை. அலுமாரிகள், அவற்றுக்குள் இழுப்பறைகள், இழுப்பறைக்குள் பெட்டிகள், பெட்டிக்குள் கற்கள். கல்லில் இலையோ தண்டோ விதையோ பதிந்திருக்கும். என் பொறுப்பில் இருப்பவற்றில் பெரும்பங்கு அண்டார்டிக்காவிலிருந்து வந்தவை. தூரிகையால் தூசி தட்டி, உக்கிப்போன பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்கு மாற்றி, எண் ஒட்டி மூடவேண்டும். ஆராய்கிறவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கேட்கிற கல்லை எடுத்துக் கொடுப்பதும், திரும்பி வந்ததை இருந்த இடத்தில் வைப்பதும் என் பாடு.

நான் இருக்கிற பியர்ஃபித்தில் காலை ரயில் ஏறினால், கார் து நோர் நிலையம் வரைக்கும் யாருடைய முதுகுப்பையாவது என் மூக்கில் இடித்துக்கொண்டு வரும். பிறகு மெத்ரோ. மாலையில் அதே வழியில் திரும்ப வேண்டும். படியேறும்போது முழங்கால் என்னை ஏசுவது எனக்கே கேட்கும். கண்காட்சியில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு அது இலை. இழுப்பறையை இழுக்கிற தோளுக்கு அது கல்தான். எனக்கு வந்திருப்பது நித்திரை கொண்டால் போகிற அலுப்பு இல்லை. விடுமுறை எடுத்தும் பார்த்துவிட்டேன், அதுவும் கூடவே வந்து பக்கத்தில் படுத்தது.

ஆனால் இலைகளோடு எனக்குக் கோபம் இல்லை. இன்றைக்குப் பனியைத் தவிர வேறொன்றும் இல்லாத அந்தக் கண்டத்தில் ஒரு காலத்தில் காடு நின்றது. துருவத்துக்குக் கிட்ட என்பதால் கோடையில் சூரியன் மறையாது. மாரியில் மாதக்கணக்காக இருட்டு. மரங்கள் இருட்டு வருமுன் இலையெல்லாம் உதிர்த்துவிடும். உதிர்ந்தவை சேற்றில் பாய் விரித்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, சேறு கல்லாகி, இலையும் கல்லோடு கல்லாகிவிட்டது. கல்லான மரத்தண்டுகளும் எங்களிடம் உண்டு. அவற்றின் வளையங்களைப் பார்த்தால், கோடை முழுக்க ஓடி ஓடி வளர்ந்துவிட்டு, ஒரேயடியாக நிறுத்தியிருப்பது தெரியும். இருட்டப் போகிறது என்றால் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்பது, அது எனக்குப் பிடித்த காரியம். மனிதருக்கு அந்த வசதியை யாரும் தரவில்லை. நவம்பர் இருட்டிலும் எட்டு மணிக்கு வேலை அட்டையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போகத்தான் வேண்டும்.

இந்தக் காட்டைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சோறு சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அந்தக் காலத்தில் இந்தியாவும் இலங்கையும் அண்டார்டிக்காவும் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தன என்றும் சேர்த்துச் சொன்னேன். சும்மா, கதைக்கு. அத்தான் சோற்றுக்குள் வைத்த கையை எடுக்கவில்லை. சொல்லாமல் நான் நாக்கைக் கடித்திருக்கலாம்.

அத்தான் என்பது அக்காவின் கணவர். நான் பாரிஸ் வந்து இறங்கிய நாள் கார் து நோரில் வந்து என்னைக் கூட்டிப் போனவர். வந்த பிள்ளைகளை அடுத்த கிழமையே வேலைக்கு அனுப்பிய காலம் அது. இவர் மட்டும், பிள்ளை முதலில் பாஷை படிக்கட்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, தான் ரெஸ்ரோறன்ரில் சட்டி கழுவிக்கொண்டு என்னைப் பிரெஞ்சு வகுப்புக்கு அனுப்பினார். அக்காவுக்கு அப்போது அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இன்றைக்குத் தங்கச்சி அரச உத்தியோகம் என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிவதும் அக்காதான்.

வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு நின்ற மனிதருக்கு, கடைசியில் தண்ணீரே பகையாகிவிட்டது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. கிழமையில் மூன்று நாள் தியாலிஸ், இயந்திரத்தோடு படுத்திருந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். இருதயமும் பலவீனம் என்பதால் வேறு சிறுநீரகம் பொருத்துகிற பேச்சை வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். குடிக்கிற தண்ணீருக்கு அளவு. அளவு மத்தியானத்திலேயே முடிந்துவிடும். தாகம் தாங்காவிட்டால் ஒரு ஐஸ்கட்டியை வாயில் போட்டு மெல்லக் கரையவிடுங்கள் என்று தாதி ஒருத்தி சொல்லிக் கொடுத்திருந்தாள். அதனால் அத்தான் எப்போதும் ஒரு கன்னம் புடைத்தபடிதான் கதைப்பார்.

தியாலிஸ் இல்லாத நாட்களில் அவரை ரூ லூயி-பிளாங் என்கிற தெருவில், சொந்தக்காரர் ஒருவரின் போன் கடையில் காணலாம். மூலையில் அவருக்கென்று ஒரு கதிரை. உடைந்த போனுக்குக் கண்ணாடி மாற்ற வருகிறவன் குமரிக்கண்டம் பற்றிக் கேளாமல் வெளியே போக முடியாது. தெற்கே தமிழருக்கு ஒரு பெருநாடு இருந்தது, ஆறு இருந்தது, மலை இருந்தது, எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அத்தான் அதன்மேல் தன் பங்குக்கு ஒரு மாடி கட்டியிருந்தார். நாடு முழுவதும் தாழவில்லையாம். தென்பாதி பிரிந்து நகர்ந்து போய்ப் பனிக்கடியில் கிடக்கிறதாம். அதுதான் அண்டார்டிக்கா. மாடிக்குக் கல் எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்கவேண்டாம்.

இதை அவர் பல வருடமாகப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாள் எழுதி முடித்தும் விட்டார். எங்கள் சனத்தின் புத்தகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் வாய் திறக்குமுன் நாலு பேர் பேசியிருக்க வேண்டும். கோயில் ஐயர் ஆசியுரை கொடுத்துவிட்டார். மரக்கறிக் கடை முதலாளி வாழ்த்துரை கொடுத்துவிட்டார். பாண்டிச்சேரிக்காரர் ஒருவர், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், அணிந்துரை என்று ஒன்று எழுதிப் பாதியைப் பிரெஞ்சில் கொடுத்திருந்தார். இனி விஞ்ஞான அணிந்துரை ஒன்றுதான் பாக்கி. அதற்கு ஆள் தேடி அத்தான் எங்கும் அலையவில்லை. வேலை முடிந்து மரக்கறி வாங்க இறங்கிய என்னைக் கடைக்குள் கூப்பிட்டு இருத்தினார்.

"நீ ஒரு பக்கம் எழுதித் தா பிள்ளை. பக்கம் வேண்டாம், ஒரு வரி காணும். ஓம், அங்கை எங்கடை ஆக்கள் இருந்தவை எண்டு எழுது. நீ ஓம் எண்டால் ஒருத்தரும் மறுக்கேலாது."

நான் பொறுமையாகத்தான் சொன்னேன். அந்த இலைகளுக்கு இருபத்தைந்து கோடி வருடம் இருக்கும். மனிதர் என்று சொல்லக்கூடியவர்கள் வந்து சில இலட்சம் வருடம்தான். இரண்டுக்கும் நடுவில் டைனோசர்கள் வந்து, வாழ்ந்து, ஒழிந்தே போய்விட்டன. அத்தான் ஐஸ்கட்டியை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். வெள்ளைக்காரன் எப்பவும் வயதைக் கூட்டித்தான் சொல்லுவான் என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவரோடு என்ன கதைப்பது? யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பிவிட்டேன். வாசலில் வைத்து, உன் பக்கம் வராமல் புத்தகம் அச்சுக்குப் போகாது என்று சொல்லி அனுப்பினார்.

அது வெருட்டல் இல்லை, அப்படியேதான் செய்தார். சென்னையில் அச்சகம் பக்கங்களைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தது. புறநகரில், லா கூர்னெவில் வெளியீட்டுக்கு மண்டபம் பேசியாகிவிட்டது. அவருடைய உடம்பு வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் என் ஒரு "ஓம்"இல் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா போன் எடுத்தாள். ரயிலில் நசுங்கிக்கொண்டு நிற்கிற நேரம் பார்த்துத்தான் அக்காவுக்கு என் நினைவு வரும். "எழுதிக் குடன். உனக்கு என்ன குறைஞ்சு போகப் போகுது? அந்த மனுசன் உன்னட்டை இவ்வளவு காலத்திலை வேறை ஏதும் கேட்டதே?" என்றாள். கேட்டதில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, அடுத்த தைப்பொங்கலுக்கு ஆள் இருப்பாரோ தெரியாது என்றும் சொன்னாள். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பித் தன் இடத்தைக் கொடுத்தாள். இருந்தேன்.

எழுதிக் கொடுத்தால்தான் என்ன என்று நானும் நினைக்காமல் இல்லை. என்னோடு வேலை செய்கிறவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த எங்கள் சனம் அணிந்துரையை வாசிப்பதில்லை. ஒரு வரியால் உலகம் பிரளப் போவதில்லை. ஆனால் என் வேலையில் ஒரே ஒரு ஒழுங்குதான் உண்டு. ஒரு கல் எங்கிருந்து வந்ததோ அதை மாற்றி எழுதக்கூடாது. இலை உடைந்துபோனாலும் பிழையில்லை, எடுத்த இடம் தெரிந்தால் அதற்கு மதிப்பு உண்டு. இடம் மாறி எழுதப்பட்டுவிட்டால், எவ்வளவு வடிவான இலையாக இருந்தாலும் அது கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் உதவும். நாள் முழுக்க அதைக் காப்பாற்றிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து அத்தானுக்காக இடத்தை மாற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. மறுக்கவும் வாய் வரவில்லை. இரண்டு பக்கமும் இழுபட்டு இழுபட்டு, கடைசியில் எல்லாவற்றிலும் எரிச்சல்தான் மிஞ்சியது.

அந்த எரிச்சலுக்கு நெய் வார்த்தது புத்தக வெளியீட்டுக்கு அடித்த துண்டுப்பிரசுரம். ஒரு சனிக்கிழமை லா சப்பலில் நடக்கிறேன், மலிவு விமானச் சீட்டு விளம்பரத்துக்கும் கோயில் தேர்த்திருவிழா அறிவித்தலுக்கும் நடுவில் என் முகம். யாருடைய கலியாண வீட்டிலோ எடுத்த படம், பக்கத்தில் நின்றவரை வெட்டிவிட்டிருந்தார்கள், தோளில் அவருடைய கை மட்டும் மிச்சம். அடியில் "அண்டார்டிக்கா சென்று ஆய்ந்த தமிழ்ப் பெண்" என்று கொட்டை எழுத்து. நான் தெற்கே போன ஆகத் தூரமான இடம் கொழும்பு. வெறும் வாயை மெல்லுகிற சனத்துக்கு அவல் கிடைத்தமாதிரி ஆகிவிட்டது. பூக்கடையில், அங்கே குளிர் எப்படி என்று கேட்டார்கள். மரக்கறிக் கடை முதலாளி வெண்டிக்காயை நிறுத்துக்கொண்டே, பனிக்குக் கீழே கல்வெட்டு ஏதும் கண்டீர்களா என்று மெல்லக் கேட்டார். களைப்பில், இன்னும் தோண்டவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையில் என்னையும் ஒரு கரண்டி பிடிக்கவைத்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். வாயால் சொன்னால் அத்தானுக்கு ஏறாது, கல்லையே காட்டிவிடுவோம். எங்கள் களஞ்சியத்தில் வருடத்தில் ஒரு நாள் ஊழியர்களின் வீட்டாரை உள்ளே விடுவார்கள். அந்த நாள் கிட்டத்தில் வந்தது, தியாலிஸ் இல்லாத நாளாகவும் இருந்தது.

அத்தான் வெளியீட்டுக்கென்று தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். உடம்பு மெலிந்துவிட்டதால் கோட்டுக்குள் இன்னொருவர் இருக்க இடம் இருந்தது. அக்காவின் பையில் ஐஸ்கட்டி போட்ட குடுவை. அலுமாரி வரிசைகளுக்கு நடுவில் அவரைக் கதிரையில் இருத்தி, ஒரு இழுப்பறையை இழுத்துத் திறந்தேன். கறுத்த கல். அதன்மேல் இன்னும் கறுப்பாக இலைகள், நீட்டு நீட்டாக, நுனி ஒடுங்கி, நடுநரம்பு தெளிவாக.

அத்தான் கதிரையிலிருந்து முன்னால் குனிந்தார்.

"மாவிலை," என்றார். "இஞ்சை பாரும், மாவிலை!"

அக்காவும் எட்டிப் பார்த்து, ஓம், மாவிலைதான் என்றாள். இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆராய்ச்சிக்காரர் அந்த இலையைப் பார்த்து நாக்குப்போல இருக்கிறது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மாவிலை செருகி நிறைகுடம் வைக்கிற வீட்டில் பிறந்த ஒருவருக்கு அது வேறு எதுவாகத் தெரியும்? நானும் இந்த வேலைக்கு வந்த முதல் நாள் அதைத்தான் நினைத்தேன். ஆனால் பக்க நரம்புகள் வலைபோல ஒன்றோடொன்று பின்னியிருக்கும், மாவிலையில் அப்படி இருக்காது. அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் காலத்தில் பூ என்றே ஒன்று உலகத்தில் இல்லை. பூ இல்லாமல் மா ஏது? அதைச் சொன்னேன்.

அத்தான் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று சொன்னேன். பனை? இல்லை. நெல்லு? இல்லை, புல்லே இல்லை. மாடு, ஆடு? இல்லை. பிறகு வந்த காலத்தில், பன்றி அளவில் இரண்டு கொம்புப் பல்லோடு ஒரு பிராணி அங்கே திரிந்தது, அதன் எலும்பு இந்தியாவிலும் கிடைக்கிறது என்றேன். அதை யாரும் வளர்த்தார்களா என்று கேட்டார். இல்லை அத்தான், வளர்க்க ஆள் இல்லை. பக்கத்தில் எங்காவது? இல்லை. கல்லில் நார் உரிக்கிறவர்போல அவரும் விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கு என் குரலே வெறுத்துவிட்டது. நோயாளி ஒருவரைக் கதிரையில் இருத்திவைத்து இல்லை, இல்லை என்று அடித்துக்கொண்டிருப்பது ஒரு பிழைப்பா?

ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும்போல் இருந்தது. துருவத்துக்கு நடந்து போன ஒரு கூட்டத்தின் கதையைச் சொன்னேன். போன நூற்றாண்டின் தொடக்கத்தில், திரும்பி வருகிற வழியில் சாப்பாடும் பலமும் தீர்ந்து கூடாரத்துக்குள்ளேயே இறந்துபோனவர்கள். அவர்களைத் தேடிப் போனவர்கள் பார்த்தால், பக்கத்தில் ஒரு மூட்டை கல். அதிலும் இந்த இலைதான் இருந்தது. பாரத்தைக் குறைக்க வேண்டிய நேரத்திலும் அதை எறியாமல் இழுத்து வந்திருக்கிறார்கள். அத்தான் தலையாட்டினார். "நானெண்டாலும் எறியன்," என்றார்.

அக்கா களைத்துப்போய் ஒரு பெட்டியில் சாய்ந்துவிட்டாள். குடுவையைத் திறந்து நான் ஒரு ஐஸ்கட்டி எடுத்துக் கொடுத்தேன். அத்தான் அதை வாயில் போட்டுக்கொண்டு, நான் கேளாமலே சொன்னார். அவருடைய காணி ஊரில், வலிகாமம் வடக்கில். உயர் பாதுகாப்பு வலயம் என்று இராணுவம் வேலி அடித்தபோது உள்ளே போனது. பிறகு பக்கத்துக் காணிகளை விட்டார்கள், இவருடையதை விடவில்லை. வீட்டை இடித்துவிட்டார்கள் என்று கேள்வி. வீட்டைப் பற்றி அவர் என்றைக்கும் கதைத்ததில்லை. அந்த ஒழுங்கையிலேயே நல்ல தண்ணி ஊறுகிற ஒரே கிணறு அவர் காணியில் இருந்தது, அதைத்தான் சொல்லுவார். சுற்றிவர எல்லாம் உவர். இப்போது அந்தக் கிணற்றில் யார் அள்ளுகிறார்கள் என்பதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தவர்கள் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"காணியை ஆமி பிடிக்கலாம் பிள்ளை. கடல் கொண்ட நாட்டை ஒருத்தனும் பிடிச்சு வச்சிருக்கேலாது. அதுதான் நான் அதை எழுதினனான்."

நான் இழுப்பறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குமரிக்கண்டத்தை நான் இவ்வளவு காலமும் ஒரு கிழவரின் விசர் என்று நினைத்திருந்தேன். அழுகை வந்தது. கற்களுக்கு முன்னால் அழக்கூடாது, ஈரம் ஆகாது என்று எங்களுக்கு விதி இல்லை என்றாலும், அடக்கிக்கொண்டேன்.

"இப்ப அண்டார்டிக்கா யாற்றை?" என்று கேட்டார் அத்தான்.

உரிமை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், பிரான்ஸ்காரர்கூட ஒரு துண்டு தங்களது என்கிறார்கள், ஆனால் ஒருவருக்கும் என்று முடிவாகவில்லை என்றேன்.

"ஆமி நிக்குதோ?"

"இல்லை அத்தான். அங்கை ஒருத்தரும் முகாம் போடேலாது எண்டு நாடுகளெல்லாம் சேர்ந்து கையெழுத்து வச்சிருக்கு."

அன்று முழுவதும் நான் சொன்ன இல்லைகளில் அது ஒன்றுதான் அவருக்குப் பிடித்தது. முகம் மாறியது. இன்னொருதரம் கேட்டார், இன்னொருதரம் சொன்னேன்.

"அதை எழுது," என்றார். "மற்றது நீ என்ன எழுதினாலும் பரவாயில்லை."

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுதிக் கொடுத்தேன். காடு நின்றதை எழுதினேன். இருட்டு வருமுன் இலை உதிர்ந்ததை எழுதினேன். எங்கள் தீவும் அந்தக் கண்டமும் ஒட்டிக் கிடந்ததையும், அப்போது எந்த மொழியும் பேச எந்த வாயும் இருக்கவில்லை என்பதையும் எழுதினேன். கடைசியில் அவர் கேட்ட வரி. நான் ஆய்வாளர் இல்லை, களஞ்சியத்தில் வேலை செய்கிறவள் என்று பெயருக்குக் கீழே போடச் சொன்னேன். அத்தான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. தன் புத்தகத்தையும் மாற்றவில்லை. என் பக்கம் இல்லை என்று சொல்ல, அடுத்த பக்கத்திலிருந்து அவர் ஓம் என்று தொடங்குகிறார். அச்சகத்துக்காரர் கவனித்தாரோ தெரியாது.

வெளியீட்டன்று லா கூர்னெவ் மண்டபத்தில் சனம் நிறையத்தான். மேடையில் குத்துவிளக்கு, நிறைகுடம். நிறைகுடத்தில் லா சப்பலில் வாங்கிய மாவிலை, கொஞ்சம் வாடியிருந்தது. நான் முதல் வரிசையில் இருந்துகொண்டு அதன் நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் ஐயர் ஆசி சொன்னார். பாண்டிச்சேரிக்காரர் இரண்டு பாஷையிலும் வாழ்த்தினார். மரக்கறிக் கடை முதலாளி முதற்பிரதி வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவரும் பனிக்கடியில் கிடக்கிற தமிழ் நகரங்களை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டுப் போய் இருந்தார்கள். என் பக்கத்தை ஒருவரும் வாசித்திருக்கவில்லை. எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. பின்னால் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடித்தார்கள், பொரித்த ரோல்ஸ் மணத்தது, இடுப்பு நொந்தது.

கடைசியாக ஏற்புரை. அத்தான் மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். எழுதி வைத்திருந்த பேச்சைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார். புத்தகத்தைத் திறந்து ஒரேயொரு வரி வாசித்தார்.

"அண்டார்டிக்காவுக்கு உரிமை கோருகிறவர்கள் உண்டு, ஆனால் அங்கே யாரும் இராணுவ முகாம் அமைக்கக் கூடாது என்று நாடுகள் உடன்பட்டிருக்கின்றன."

வாசித்துவிட்டு நின்றார். பின்வரிசையில் ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் எத்தனை பேருடைய உறுதிப் பத்திரம் பெட்டிக்குள்ளும் காணி இராணுவ வேலிக்குள்ளும் இருந்ததோ, எனக்குத் தெரியாது. கை தட்டுவதா விடுவதா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அத்தான் நன்றி என்று சொல்லி இருந்துவிட்டார். பிறகுதான் தட்டினார்கள்.

திரும்பி வரும்போது போன் கடைக்காரர் தன் காரில் எங்களை ஏற்றினார். அக்கா மாலைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்தாள். நானும் அத்தானும் பின்னால். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மண்டபத்தில் வந்தவர்களோடெல்லாம் நிறையக் கதைத்துவிட்டார், வாய் காய்ந்து உதடு வெடித்திருந்தது. அன்றைக்குரிய தண்ணீர் அளவு மண்டபத்திலேயே முடிந்துவிட்டது. குடுவையைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஐஸ்கட்டியும் கரைந்து தீர்ந்திருந்தது. அத்தான் பரவாயில்லை என்று கையைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடினார். நித்திரை என்று நினைத்தேன்.

"பிள்ளை," என்றார் கண்ணைத் திறக்காமல். "அங்கை கிணறு வெட்டலாமோ?"

இன்னொரு இல்லைக்கு வாய் தானாகவே தயாராகிவிட்டது. பிறகு நினைவு வந்தது. அங்கே போய்வருகிறவர்கள் எங்களோடு கோப்பி குடிக்கும்போது சொல்லியிருக்கிறார்கள். துருவத்தில் இருக்கிற நிலையத்தில் தண்ணீருக்கு வேறு வழியில்லை. ஐஸைச் சுடுநீரால் குடைந்துகொண்டே ஆழத்துக்குப் போய், அடியில் உருகி நிற்கிறதை மேலே இறைத்துக்கொள்வார்கள். அதை அவர்கள் கிணறு என்றுதான் சொன்னார்கள். பொய்யில்லை. எடுத்த இடத்தை நான் மாற்றி எழுதவில்லை.

"ஓம் அத்தான்," என்றேன். "வெட்டலாம். அங்கை இருக்கிற ஆக்கள் கிணறு வெட்டித்தான் தண்ணி எடுக்கினம்."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் அவருக்கு ஓம் சொன்னது அதுதான் முதல்தடவை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"நல்ல தண்ணியோ, உவரோ?"

"நல்ல தண்ணி அத்தான். எவ்வளவும் குடிக்கலாம்."